ஒரு மாத்திரை வேறுபாடு: நெடுந்தொலைவு ஓட்டத்தில் இணையும் எதிரும்



மொழியியல் பயின்ற ஒருவன் ஓட்டப்பந்தயத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். நான் ஓட்டக்காரன் அல்லன், பயிற்றுநனும் அல்லன். ஆனால் மிக நெருங்கிய இரண்டு ஒலிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை அளப்பதும், அச்சிறு வேறுபாடு எவ்வாறு பொருள் தருகிறது என்று விளக்குவதும் என் துறையின் அன்றாடப் பணி. மிக நெருங்கிய இரண்டு ஓட்டக்காரர்களின் போட்டியைக் காணும்போது எனக்கு அதே வினாக்கள்தாம் எழுகின்றன. வேறுபாடு எவ்வளவு? அது எங்கிருந்து வருகிறது? அதற்கு நாம் என்ன பெயரிடுகிறோம்?

இவற்றுள் மூன்றாவது வினாவே இன்றைய உரைக்கு அடிப்படை. ஒரு போட்டியில் முதலாவதாக வந்தவரைப் பாராட்டத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டாவதாக வந்தவரை நாம் எப்படிச் சொல்கிறோம்? அந்தச் சொல், நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது?

சிட்னி, 2000

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், சிட்னி ஒலிம்பிக் அரங்கில் ஆடவர் 10,000 மீட்டர் இறுதி ஓட்டம் நடைபெற்றது. 400 மீட்டர் திடலை 25 முறை சுற்றிவர வேண்டும். கடைசிச் சுற்றில் கென்ய நாட்டின் பால் டெர்காட் வேகத்தைக் கூட்டி முன்னே பாய்ந்தார். இறுதி நேர்ப்பாதையிலும் அவரே முன்னணியில் இருந்தார். அவரைத் துரத்தி வந்த எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி, முடிவுக் கோட்டை நெருங்கும் கடைசிச் சில அடிகளில் அவரை எட்டிப் பிடித்து முந்தினார். ஹைலேயின் நேரம் 27 நிமிடம் 18.20 விநாடி. டெர்காட்டின் நேரம் 27 நிமிடம் 18.29 விநாடி.

இடைவெளி 0.09 விநாடி. அதே ஒலிம்பிக்கில் ஆடவர் 100 மீட்டர் இறுதியில் மோரிஸ் கிரீன் 9.87 விநாடியிலும், இரண்டாவதாக வந்த ஆட்டோ போல்டன் 9.99 விநாடியிலும் ஓடினர். அங்கே இடைவெளி 0.12 விநாடி. நூறு மடங்கு நீண்ட ஓட்டத்தில் இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தது. ஓட்டக்காரர் ஒருவரின் காலடி வீச்சில் பாதிகூட இல்லாத தொலைவு அது.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. எத்தியோப்பிய வழக்கில் பின்னால் வருவது குடும்பப் பெயரன்று, தந்தையின் பெயர். நம் வழக்கும் அதுவே. ஆகவே அவரை அவருடைய சொந்தப் பெயரால் ஹைலே என்றே குறிப்பிடுவேன்.

மாத்திரை என்னும் அளவு

0.09 விநாடி என்பதை எப்படி உணர்வது? தமிழ் இலக்கணம் அறிந்தவர்களுக்கு இதில் தயக்கம் வேண்டியதில்லை. ஒலியைக் காலத்தால் அளந்த மரபு நம்முடையது. இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகக் கொண்டது. இன்று நாம் காலத்தைக் குறிக்க வழங்கும் 'நொடி' என்னும் சொல்லும் விரல் நொடிப்பதிலிருந்து வந்ததே. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது மாணவர்கள் தொடக்கநிலையிலேயே கற்கும் பாடம்.

இக்காலக் கருவிகளால் அளந்தால், இயல்பான வேகத்தில் பேசும்போது ஒரு குறில் உயிர் ஒலிக்கும் காலம் ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. நெடில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அப்படியானால் சிட்னியில் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்த காலம், நாம் ஒரு குறிலை ஒலிக்கும் காலம். 'கல்' என்பதையும் 'கால்' என்பதையும் பிரிக்கும் காலம்.

அந்த ஒரு மாத்திரையைச் சிறிதென்று தள்ள முடியுமா? 'படு' வேறு, 'பாடு' வேறு. 'பல்' வேறு, 'பால்' வேறு. ஒரு மாத்திரை மாறினால் பொருளே மாறிவிடுகிறது. ஆகவே, 0.09 விநாடி என்பது ஒன்றுமே இல்லை, இருவரும் வென்றவர்களே என்று ஆறுதல் சொல்ல மொழியியல் எனக்கு இடம் தரவில்லை. வேறுபாடு சிறிது, ஆயினும் மெய்யானது.

ஆனால் மொழியியல் இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. ஓர் ஒலியின் இடத்தை உறுதிசெய்ய, அந்த ஒலியில் மட்டும் வேறுபட்டு மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருக்கும் இரண்டு சொற்களைத் தேடுகிறோம். 'கலை, களை, கழை' என்ற மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால்தான் ல, ள, ழ மூன்றும் தமிழில் தனித்தனி ஒலிகள் என்பது ஐயமின்றி விளங்கும். 'கலை'யையும் 'மரம்' என்பதையும் ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. அவை எல்லா வகையிலும் வேறு. ஒற்றுமை மிகுந்த இடத்தில்தான் வேற்றுமை பொருளுடையதாகிறது. மேலும், அந்த வேற்றுமை 'கலை'க்குள்ளும் இல்லை, 'களை'க்குள்ளும் இல்லை. இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஒன்றை நீக்கினால் மற்றொன்றின் தனித்தன்மையை விளக்க வழியில்லை.

ஹைலேயும் டெர்காட்டும் அத்தகைய இணை.

ஐந்து போட்டிகள், ஐந்து விநாடிகள்

இருவரின் இளமையும் பள்ளிக்கூடத்தோடு பிணைந்தது என்பது ஆசிரியர்கள் நிறைந்த இந்த அவையில் சொல்லத் தக்கது. எத்தியோப்பியாவின் அர்சி மலைப்பகுதியில் 1973இல் பிறந்த ஹைலே, பள்ளிக்கு நாள்தோறும் 10 கிலோமீட்டர் ஓடிச் சென்று, மீண்டும் அவ்வளவு தொலைவு ஓடி வீடு திரும்பியவர். இடக்கையில் புத்தகங்களை அணைத்துக்கொண்டு ஓடிய பழக்கத்தால், பிற்காலத்தில் உலக அரங்குகளிலும் அவருடைய இடக்கை சற்று மடங்கியே இருந்தது. கென்யாவின் பாரிங்கோ வட்டாரத்தில் 1969இல் பிறந்த டெர்காட், வறட்சிமிக்க அந்தப் பகுதியில் உலக உணவுத் திட்டம் பள்ளியில் வழங்கிய உணவை உண்டு படித்தவர். பின்னாளில் அதே அமைப்பு அவரைப் பசிக்கு எதிரான தூதராக்கியது. ஒருவர் பள்ளிக்கு ஓடினார். மற்றவரைப் பள்ளியில் நிலைநிறுத்தியது உணவு. டெர்காட் இளமையில் கூடைப்பந்து ஆடியவர். கென்ய விமானப்படையில் சேர்ந்த பிறகே முழுமையாக ஓட்டத்திற்கு வந்தார்.

1995 முதல் 2000 வரை இருவரும் ஐந்து பெரும் போட்டிகளின் 10,000 மீட்டர் இறுதியில் சந்தித்தனர். மூன்று உலக வெற்றியாளர் போட்டிகள். இரண்டு ஒலிம்பிக் போட்டிகள். ஐந்திலும் ஹைலே முதலாவதாக வந்தார். டெர்காட் முதல்முறை மூன்றாவதாகவும், அடுத்த நான்கு முறையும் இரண்டாவதாகவும் வந்தார். இடைவெளிகளைப் பாருங்கள்: 1995 கோதன்பர்க்கில் 1.75 விநாடி, 1996 அட்லாண்டாவில் 0.83 விநாடி, 1997 ஏதென்சில் 1.04 விநாடி, 1999 செவில்லில் 1.29 விநாடி, 2000 சிட்னியில் 0.09 விநாடி.

இவற்றைக் கூட்டினால் சரியாக 5 விநாடி வருகிறது. ஐந்து போட்டிகளிலும் சேர்த்து ஒவ்வொருவரும் ஓடிய தொலைவு 50 கிலோமீட்டர். அதாவது 125 சுற்று. ஹைலேக்கு ஆன மொத்த நேரம் 137 நிமிடம். டெர்காட்டுக்கு ஆனது 137 நிமிடமும் மேலும் 5 விநாடியும். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வேறுபாடு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். ஐந்திலும் ஒருவரே வென்றிருக்கும்போது இருவரையும் சமமான இணை என்று எப்படிச் சொல்வது? வெற்றி மாறி மாறி வந்தால் அல்லவா சமம்?

இதற்கு விடை காண இருவரின் ஆற்றலும் எங்கெங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். ஹைலேயிடம் இறுதிக்கட்ட வேகம் இருந்தது. 1998இல் உள்ளரங்க 1,500 மீட்டரை 3 நிமிடம் 31.76 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தவர் அவர். 10,000 மீட்டர் ஓட்டக்காரரிடம் அந்த வேகம் இருப்பது அரிது. டெர்காட்டிடம் நெடுநேரம் தளராமல் அழுத்தம் கொடுக்கும் வலிமை இருந்தது. திடலை விட்டு மேடுபள்ளமான வெளியில் ஓடும் குறுக்கோட்டத்தில், 1995 முதல் 1999 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவரே உலக வெற்றியாளர். அந்தக் களத்தில் ஹைலே ஒருமுறையும் உலகப் பட்டம் பெற்றதில்லை. 10,000 மீட்டர் உலகச் சாதனையும் இருவரிடையே கைமாறியது. 1997 ஜூலையில் ஹைலே 26 நிமிடம் 31.32 விநாடி, அதே ஆண்டு ஆகஸ்டில் டெர்காட் 26 நிமிடம் 27.85 விநாடி, 1998 ஜூனில் மீண்டும் ஹைலே 26 நிமிடம் 22.75 விநாடி.

ஆக, களம் மாறினால் முடிவும் மாறியது. திடலில் நடக்கும் பதக்கப் போட்டியின் இயல்பு ஹைலேக்குச் சற்றே சாதகமானது. அங்கே வேகம் பிடித்துக்கொடுக்க ஆள் இல்லை. முன்னால் ஓடுபவர் காற்றையும் கவலையையும் சேர்த்துச் சுமக்கிறார். பின்னால் ஓடுபவர் ஆற்றலைச் சேமித்துக் கடைசியில் பாய்கிறார். இதனை அறிந்த டெர்காட் ஒவ்வொரு முறையும் புதிய வழியைத் தேடினார். அட்லாண்டாவில் ஏறத்தாழ ஐந்து சுற்றுகள் இருக்கும்போதே வேகத்தைக் கூட்டி மற்றவர்களையெல்லாம் உதறினார். ஹைலே ஒருவர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்து கடைசிச் சுற்றில் முந்தினார். கடினமான அந்தத் தளத்தில் ஓடியதால் பாதங்கள் கொப்புளித்து, ஹைலே 5,000 மீட்டர் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. நீண்ட அழுத்தம் பலிக்கவில்லை என்று கண்ட டெர்காட், சிட்னியில் மறுவழியை எடுத்தார். கடைசிச் சுற்றுவரை பொறுத்திருந்து, ஹைலேயின் ஆயுதத்தையே ஹைலேக்கு எதிராக எடுத்தார். குதிகால் நாண் வலியோடு வந்திருந்த ஹைலே, அதற்கு விடை சொல்லக் கடைசி அடிவரை ஓட வேண்டியிருந்தது.

நான்கு முறை பின்னால் வந்தவர் ஐந்தாம் முறையும் ஏன் வந்தார்? பரிசும் பணமும் உண்டு என்பது உண்மை. ஆனால் அவை மட்டும் காரணமென்றால் டெர்காட் குறுக்கோட்டத்தோடு நின்றிருக்கலாம். நம் புறத்திணை மரபு போரை அதன் நோக்கத்தால் வகுக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சி. மண்ணாசையால் எழுவது வஞ்சி. மதிலை வளைப்பதும் காப்பதும் உழிஞை. தும்பை மட்டும் வேறு. அங்கே கைப்பற்ற ஒரு பொருளும் இல்லை. தம் வலிமையை நிலைநாட்டுவதே நோக்கம். அந்த வலிமையை மெலிந்தவன் முன் நிலைநாட்ட முடியாது, ஒத்தவன் வேண்டும். டெர்காட் தேடி வந்தது அந்த ஒத்தவரை.

எதிர் என்னும் சொல்

போட்டியாளரை நாம் 'எதிரி' என்றும் 'எதிராளி' என்றும் சொல்கிறோம். 'எதிர்' என்பது ஆழமான சொல். முன்னால் என்பது அதன் அடிப்படைப் பொருள். எதிர்காலம், எதிர்பார்ப்பு, எதிரொலி, எதிர்கொள்ளல் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. விருந்தினரையும் எதிர்கொள்கிறோம், பகைவரையும் எதிர்கொள்கிறோம். மல்யுத்தத்திலும் குத்துச்சண்டையிலும் போட்டியாளர் எதிரே நிற்கிறார். ஆகையால் அங்கே 'எதிராளி' என்பது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

ஓட்டத்தில் அது பொருந்துகிறதா? ஓட்டக்காரர் இருவரும் ஒருவரையொருவர் நோக்கி நிற்பதில்லை. ஒரே திசையை நோக்கி ஓடுகிறார்கள். போட்டியாளர் பக்கத்தில் இருக்கிறார், அல்லது முதுகுக்குப் பின்னால் இருக்கிறார், அல்லது அவருடைய முதுகு நமக்கு முன்னால் தெரிகிறது. முகத்துக்கு முகம் எதிர்ப்படுவதே இல்லை. இலத்தீனில் போட்டியாளரைக் குறித்த 'ரிவாலிஸ்' என்ற சொல்லுக்கு, ஒரே ஓடையின் நீரைப் பயன்படுத்துவோர் என்பது பழைய பொருள். அந்தச் சொல் ஓட்டத்துக்கு நெருங்கி வருகிறது. தமிழில் நாம் 'உடனோடி' என்று சொல்லிப் பார்க்கலாம். உடன்பிறந்தார், உடன்பயின்றார் என்பவற்றின் வரிசையில் அதுவும் இயல்பாக அமரும்.

முதுகுக்குப் பின்னால் இருப்பவரைக் காண வேண்டுமானால் திரும்ப வேண்டும். 1954இல் அதுவே நிகழ்ந்தது. அந்த ஆண்டு மே 6ஆம் நாள் இங்கிலாந்தின் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைல் தொலைவை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையைக் கடந்த முதல் மனிதரானார். 46 நாள்களில் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதைவிட விரைவாக ஓடிச் சாதனையைப் பறித்தார். ஆகஸ்ட் 7ஆம் நாள் வான்கூவரில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தனர். லாண்டி தொடக்கம் முதல் முன்னால் ஓடினார். கடைசி வளைவில், பின்னால் பானிஸ்டர் எங்கே என்று அறிய இடத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். அதே கணத்தில் பானிஸ்டர் வலப்புறமாக அவரைக் கடந்து சென்றார். பானிஸ்டர் 3 நிமிடம் 58.8 விநாடி, லாண்டி 3 நிமிடம் 59.6 விநாடி. அந்தக் கணத்தை வான்கூவர் நகரம் வெண்கலச் சிலையாக வடித்து வைத்திருக்கிறது. சிலையில் இருவரும் இருக்கிறார்கள் என்பதை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும். வென்றவரை மட்டும் நிறுத்தியிருந்தால் அது யாரோ ஒருவர் ஓடும் சிலையாக மட்டுமே இருந்திருக்கும்.

இணையற்ற என்னும் புகழ்ச்சி

தமிழில் ஒருவரை உச்சமாகப் புகழ வேண்டுமென்றால் என்ன சொல்கிறோம்? இணையற்றவர், ஒப்பற்றவர், நிகரற்றவர், ஈடிணையற்றவர், தன்னிகரில்லாதவர் என்கிறோம். இவையனைத்தும் இன்மையைச் சொல்லும் சொற்கள். உடையவரைப் பாராட்ட, அவரிடம் ஒன்று இல்லை என்கிறோம். அந்த ஒன்று இணை. இறைவனைப் பாடும்போது இச்சொற்கள் பொருந்தும். ஓட்டக்காரரைப் பற்றிச் சொல்லும்போது பொருந்துமா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுவீடனில் நிகழ்ந்ததைச் சான்றாகக் காட்டலாம். குந்தெர் ஹெக், ஆர்னெ ஆண்டர்சன் என்று இருவர். ஹெக் தீயணைப்பு வீரர். ஆண்டர்சன் பள்ளி ஆசிரியர். 1937 முதல் ஒரு மைல் உலகச் சாதனை 4 நிமிடம் 6.4 விநாடியாக நின்றிருந்தது. 1942 ஜூலை 1ஆம் நாள் ஹெக் அதை 4 நிமிடம் 6.2 விநாடியாக்கினார். ஒன்பதே நாளில் ஆண்டர்சன் அதே நேரத்தை எட்டினார். செப்டம்பரில் ஹெக் 4 நிமிடம் 4.6 விநாடி. அடுத்த ஆண்டு ஆண்டர்சன் 4 நிமிடம் 2.6 விநாடி, 1944இல் மீண்டும் அவரே 4 நிமிடம் 1.6 விநாடி. 1945 ஜூலையில் ஹெக் 4 நிமிடம் 1.4 விநாடி. ஒருவர் வினவ மற்றவர் விடையிறுப்பது போன்ற இந்த உரையாடலில் மூன்றே ஆண்டுகளில் சாதனை 5 விநாடி குறைந்தது.

பிறகு, போட்டிகளுக்குப் பணம் பெற்றார்கள் என்ற காரணத்தால் இருவருமே தடை செய்யப்பட்டார்கள். உரையாடல் நின்றது. ஹெக்கின் அந்த 4 நிமிடம் 1.4 விநாடி, பானிஸ்டர் வரும்வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. போருக்குப் பிந்திய வறுமை போன்ற பிற காரணங்களும் இருந்திருக்கும்; மறுக்கவில்லை. ஆனால் இணை இருந்தபோது மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்தது, இணை போனபின் ஒன்பது ஆண்டுகளில் நிகழவில்லை. ஹெக் இணையற்றவராக இருந்திருந்தால் 4 நிமிடம் 6.2 விநாடியோடு மனநிறைவு அடைந்திருக்கக் கூடும்.

ஹைலேக்கும் இது பொருந்தும். சிட்னியில் அவர் எட்டிய அந்தக் கடைசி வேகம் டெர்காட்டால் வரவழைக்கப்பட்டது. அவர்களுடைய உரையாடல் திடலோடும் முடியவில்லை. 2002 லண்டன் மராத்தானில் காலித் கனூச்சி உலகச் சாதனையோடு முதலாவதாக வர, டெர்காட் இரண்டாவதாகவும் ஹைலே மூன்றாவதாகவும் வந்தனர். 2003இல் டெர்காட் பெர்லினில் 2 மணி 4 நிமிடம் 55 விநாடியில் மராத்தான் உலகச் சாதனை படைத்தார். அன்று அவருக்கு ஒரே ஒரு விநாடி பின்னால் வந்தவர் அவருடைய நாட்டவரான சாமி கொரிர். 2005இல் நியூயார்க்கில் 42 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, தென்னாப்பிரிக்காவின் ஹெண்ட்ரிக் ரமாலாவை விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் டெர்காட் முந்தினார். சிட்னியில் அவர் நின்ற இடத்தில் அன்று ரமாலா நின்றார். டெர்காட்டின் பெர்லின் சாதனையை 2007இல் அதே பெர்லினில் 2 மணி 4 நிமிடம் 26 விநாடியில் ஓடி முறியடித்தவர் வேறு யாருமல்லர், ஹைலேதான்.

நாம் எழுதும் சொற்கள்

இனி நம் சொற்களுக்கு வருவோம். நெருங்கிய போட்டியில் இரண்டாவதாக வந்தவரைப் பற்றித் தமிழ்ச் செய்திகளில் அடிக்கடி வரும் தொடர்களைப் பாருங்கள். 'தங்கத்தைக் கோட்டைவிட்டார்' என்கிறோம். கோட்டைவிடுதல் என்பதில் கவனக்குறைவு என்னும் பொருள் பொதிந்திருக்கிறது. 27 நிமிடம் 18.29 விநாடியில் ஓடிய டெர்காட்டிடம் எங்கே கவனக்குறைவு? 'தங்கத்தைப் பறிகொடுத்தார்' என்கிறோம். பறிகொடுக்க வேண்டுமானால் முன்னரே கையில் இருந்திருக்க வேண்டும். 'மண்ணைக் கவ்வினார்' என்பது இழிவுபடுத்தும் வழக்கு. 'நூலிழையில் தவறவிட்டார்' என்பதில் அளவு சரியாக இருக்கிறது. ஆனால் வினை மீண்டும் குற்றத்தை அவர் தலையில் வைக்கிறது. ஒவ்வொன்றும் நடந்ததைச் சொல்வதோடு நிற்காமல் ஒரு தீர்ப்பையும் வழங்குகிறது.

'தோற்றார்' என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நேர்மையான சொல். பிள்ளைகளிடம் தோல்வியை மறைப்பது அவர்களை மதிப்பதாகாது. 'கல்'லையும் 'கால்' என்று ஒலிக்கும் மாணவனிடம் இரண்டும் ஒன்றுதான் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். நான் கேட்பது அளவு. எவ்வளவில் தோற்றார், யாரிடம் தோற்றார், அதற்கு முன் எவ்வளவு தொலைவு ஒன்றாக வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் 'தோற்றார்' என்ற சொல் முழுமையடைகிறது. இலக்கணமும் அதற்கு வழி வைத்திருக்கிறது. 'வென்றார்' என்ற வினை 'யாரை' என்ற வினாவை எழுப்புகிறது. 'தோற்றார்' என்பது 'யாரிடம்' என்று கேட்க வைக்கிறது. 'முந்தினார்' என்பதும் அப்படியே. இவ்வினைகள் எவையும் தனி ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு நிறைவு பெறுவதில்லை. நாம்தாம் அவசரத்தில் மற்றவரை விட்டுவிடுகிறோம்.

நம் பள்ளிகளிலும் பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல் என ஆண்டு முழுவதும் போட்டிகள் நடக்கின்றன. பல ஆண்டுகள் நடுவராக அமர்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் இடையே பெரும்பாலும் அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண்தான் இருக்கும். மேடையில் அந்த எண் அறிவிக்கப்படுவதில்லை. இடம் மட்டும் அறிவிக்கப்படுகிறது. இரண்டாம் இடம் பெற்ற பிள்ளை எவ்வளவில் பின்தங்கினோம் என்று அறியாமல் வீடு திரும்புகிறது. முதல் இடம் பெற்ற பிள்ளையோ தன்னை இந்த உயரத்துக்கு உந்தியவர் யார் என்று அறியாமல் திரும்புகிறது. இரண்டுமே இழப்பு. தமிழைப் பேசும் சூழல் சுருங்கிவரும் நம் நாட்டில், தன்னை ஒத்த ஆற்றலோடு தமிழ் பேசும் இன்னொரு பிள்ளை கிடைப்பது எளிதன்று. அவ்விருவரையும் எதிரிகளாக அனுப்பிவிட்டால், ஒவ்வொருவரும் தமக்கென்று கிடைத்த ஒரே உடனோடியை இழந்துவிடுகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைத்து என் உரையை நிறைவு செய்கிறேன். சிட்னி ஓட்டத்தின் இறுதிச் சுற்றை மாணவர்களுக்குக் காட்டுங்கள். பிறகு இரண்டு செய்திக் குறிப்புகளை எழுதச் சொல்லுங்கள். முதலாவதில் ஹைலே எழுவாயாக வரட்டும். இரண்டாவதில் டெர்காட் எழுவாயாக வரட்டும். இரண்டிலும் நேரங்கள் மாறக்கூடாது, முடிவும் மாறக்கூடாது. இரண்டாவது குறிப்பை எழுதும்போது 'கோட்டைவிட்டார்' என்று எழுதத் தொடங்கிய மாணவர், தாமே நிறுத்தி வேறொரு வினையைத் தேடுவார். அவர் எந்த வினையைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பாருங்கள். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று கேளுங்கள். சொற்பொருளியலில் நான் நடத்தக்கூடிய எந்த வகுப்பையும்விட அது நல்ல வகுப்பாக அமையும்.